பொறிகளுக்குப் பொட்டு வைத்த வருடம்

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் பிளேஸ்டோ என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு ஒக்டோபர் மாதம் எங்கள் காஸ் அடுப்பில் சோறு வேகவில்லை. இரும்புப் பொறிதான் வெந்தது. பொங்கல், பிறந்தநாள் என்று ஆட்கள் கூடும்போது மட்டும் இறக்குகிற பெரிய அலுமினியக் கிடாரத்தில், என் கணவர் எலிப்பொறிகளைப் போட்டுச் சலவைச் சோடாத் தண்ணீரில் அவித்துக்கொண்டிருந்தார். போன வருடத்து எண்ணெயும் இரும்பில் ஏறின கறளும் காய்ந்த ரத்தமும் நுரையாகத் திரண்டு மேலே வந்தன. நான் பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு கதவு நிலையில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கறி வைக்க வேண்டிய அடுப்பு அது. நாசமாய்ப் போக என்று வாய்க்குள் திட்டினேன்.

பிள்ளை வீட்டில் இல்லை. நாள் முந்திப் பிறந்த என் மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குவாள். முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தவள் மெல்லமெல்லத் தேறி, பெட்டியை விட்டுத் தொட்டிலுக்கு வந்து, பால் இழுத்துக் குடிக்கவும் தொடங்கிவிட்டாள். இனிக் கெதியில் வீட்டுக்கு விடலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு முதல் ஹெல்த் விசிட்டர் என்கிற அரசாங்க நேர்ஸ் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அந்த ‘அவ்வளவுதான்’ எங்களை என்ன பாடு படுத்தியது! வந்தவ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்லவ, குரலைக்கூட உயர்த்தமாட்டா. தொட்டிலைப் பார்த்தா, ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தா, தலையாட்டினா. பிறகு குசினிக்குப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, பின்பக்கம் எட்டிப் பார்த்தா. அங்கே எலிப் புழுக்கை கறுப்புச் சோறு கொட்டினமாதிரிக் கிடந்தது. பின்வளவுக்கு அப்பால் ரயில்பாதை, பக்கத்து வீடு ஆளில்லாமல் பாழடைந்து கிடந்தது. குளிர் தொடங்கினால் எலி வேறெங்கே வரும்? அவ எழும்பி நின்று, எலி நடமாடுகிற வீட்டுக்கு இவ்வளவு சின்னப் பிள்ளையை விடச் சொல்லித் தன்னால் எழுதிக்கொடுக்க முடியாது என்றா. குழந்தை வருகிற வீட்டில் எலி மருந்தும் வைக்கக் கூடாதாம். வியாழக்கிழமை திரும்ப வருவேன், அதற்குள் பாருங்கள் என்றா. சரிவராவிட்டால் என்று நான் கேட்டேன். அப்போது நாங்கள் யோசிக்க வேண்டி வரும் என்றா.

யோசிக்க வேண்டி வருமாம்! இந்த நாட்டில் சரியாகப் பார்க்காவிட்டால் பிள்ளையை நகரசபைக் கவுன்சில் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் ஆட்களுக்குள் எத்தனை கதை. பஸ்ஸில் ஒரு கதை, கடையில் ஒரு கதை. எது உண்மை, எது புழுகு என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்.

இதில் கொடுமை என்னவென்றால் என் கணவருக்கு எலி பிடிக்கிறதுதான் வேலை. ஊரில் மெஷின் வேலை செய்தவர். இங்கே வந்து பல இடம் அலைந்து, கடைசியில் ஒரு ஐரிஷ்காரரோடு சேர்ந்து கடைகளிலும் பேக்கரிகளிலும் ரயில் பாலத்தடிக் கிடங்குகளிலும் பொறி வைத்துக்கொண்டிருந்தார். குளிர் பிறந்ததும் எலிகள் வெளியிலிருந்து உள்ளே இறங்கும். முதலாளியான அந்த ஐரிஷ்காரர் அதைச் ‘சீசன்’ என்பார். சீசனுக்கு முதல் பொறி முழுவதையும் கழுவித் தேற்றி வைக்க வேண்டும். முதலாளி இருந்தது பிளாட்டில். எங்களுக்குப் பின்வளவும் ஒரு ஷெட்டும் இருந்தன. அதனால் வருடாவருடம் சாக்குச் சாக்காகப் பொறிகள் எங்கள் வீட்டில் வந்து இறங்கும்.

“ஊர் உலகத்து எலியெல்லாம் பிடிக்கிறியள். உங்கட குசினி எலிக்கு ஆரைக் கூப்பிடுறது?” என்று கேட்டேன்.

“பொறி இன்னும் சரிவரேல்ல. கொஞ்சம் பொறும்.”

“வியாழக்கிழமை பொறுக்குமோ?”

பொறுக்க முடியாமல் நான் நச்சரித்த நச்சரிப்பில், சாக்கிலிருந்து கழுவாத பொறி ஒன்றை எடுத்து அடுப்புக்குப் பின்னால் வைத்தார். காலையில் பார்த்தால் பொறி அடித்து விழுந்திருந்தது, இரைக்கு வைத்த கருவாட்டுத் துண்டைக் காணவில்லை, பொறிப் பற்களுக்கிடையில் நாலு மயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கறள் பிடித்த வில் சோம்பேறித்தனமாக எழும்பியிருக்கிறது. அதற்குள் எலி தின்றுவிட்டுப் போய்விட்டது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

“பாத்தீரே? தப்பின எலி இனிப் பொறிக்குக் கிட்டவும் வராது. இன்னொருக்கா அவசரப்பட்டால் முழுக் கூட்டமும் பழகிப்போடும்” என்றார்.

அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டேன் என்பது பொய், குறைத்துக்கொண்டேன்.

அந்த வேலையை அவர் செய்கிற ஒழுங்கு எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சோடாத் தண்ணீரில் அவித்ததைக் கம்பி பிரஷால் மூட்டு மூட்டாகத் தேய்ப்பார். அலசி, ஷெட்டுக்கு வெளியே கொடிக்கம்பியில் கொழுவி விடுவார். ஈரக் காற்றில் இரும்பின்மேல் மெல்லிசாக ஒரு செம்மை படர வேண்டுமாம். பளபளவென்றிருக்கிற இரும்பில் சாயம் பிடிக்காது. லண்டனில் ஈரக் காற்றுக்கு என்ன பஞ்சம்? பிறகு சாயம். முதலாளி ஓக் மரப்பட்டை போட்டு அவிக்கச் சொல்லியிருந்தார்; இவர் ஒரு கடையில் சொல்லிவைத்து, தேத்தண்ணீர் போட்டுக் கழித்த தேயிலைச் சக்கையை வாளிக் கணக்கில் கொண்டு வந்தார். அந்தச் சாயத்தில் கிடந்து அவிந்த இரும்பு கறுத்து வெளியே வந்தது. கடைசியாக மெழுகு. வெந்நீரின்மேல் உருகி மிதக்கிற மெழுகுக்குள்ளால் பொறியை மெல்லத் தூக்கினால் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் பிடிக்கும். அதன்பிறகு கறளும் பிடிக்காது, வில்லும் கண்மூடித் திறப்பதற்குள் அடிக்கும்.

சாயத்துக்குப் பிறகு ஒருவரும் வெறுங்கையால் தொடக்கூடாது. மஞ்சள் ரப்பர் கையுறை போட்டுத்தான் தொடுவார். மனிச வாடை பட்டால் எலி கண்டுபிடிக்குமாம். நான் ஷெட் வாசலுக்குப் போனாலே, “கிட்ட வராதையும், தலையில எண்ணெய் வைச்சிருக்கிறீர்” என்று கலைப்பார். குசினியில் கறி தாளிக்கவும் விடவில்லை. மணம் போய்ப் பொறியில் ஏறுமாம். நான் பாணும் பாலுமாகக் கிடந்தேன்.

ஒவ்வொரு நாளும் காலையில் தாய்ப்பாலை எடுத்துப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமையைப் பற்றி நினைப்பேன். அவள் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எலியின் பல்தான் ஞாபகம் வந்தது. தூ, என்ன நினைப்பு இது என்று என்னையே திட்டுவேன். அடுத்த நிமிடம் திரும்ப வரும். பக்கத்துக் கட்டில் பிள்ளைகளுக்கு அப்பாமார் வந்து பொம்மை ஆட்டினார்கள், படம் பிடித்தார்கள். என் பிள்ளைக்கு அப்பா முதல் நாள் வந்து, குழாய்களைப் பார்த்துவிட்டு வெளியே போனவர்தான். அதற்குப் பிறகு வரவில்லை.

“இண்டைக்காவது வாங்கோவன்” என்பேன்.

“எலிப் பழக்கமுள்ள கை. அங்க நேர்ஸ்மார் சுத்தம் பாப்பினம். நீர் போய்ட்டு வாரும்.”

“சோப்புப் போட்டால் போகாதோ?”

கம்பி பிரஷ் சத்தம்தான் வரும். பிள்ளையைவிட இந்த மனிசனுக்குப் பொறிதான் பெரிது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்பிள்ளை என்று மனம் நொந்துவிட்டாரோ என்றுகூட ஒரு நாள் பஸ்ஸில் நினைத்து அழுதேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசல் கதவைத் திறந்தேன். காற்றில் கற்பூரம் மணத்தது. முதலில் நம்பவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒரு மாதம் துடக்கு. விளக்கேற்றக் கூடாது, பூசை கூடாது. இதிலெல்லாம் அவர் என்னைவிடக் கடும் பிடிவாதக்காரர். மகள் பிறந்த அன்றைக்கே சாமித் தட்டின்மேல் துணி போட்டு மூடியவர் அவர்தான். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்காமல் அந்தத் துணியைத் தொடக் கூடாது என்று எனக்குச் சட்டம் சொன்னவர். மணத்தைப் பிடித்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். ஷெட் கதவு திறந்திருந்தது.

உள்ளே மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அத்தனை பொறியையும் வரிசையாக அடுக்கியிருந்தார். சோடாவில் அவித்து, காற்றில் காயவிட்டு, சாயத்தில் கறுக்கவைத்து, மெழுகில் முக்கி, கையுறை இல்லாமல் தொடாமல் காத்த பொறிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு. சந்தனத்தின் நடுவில் குங்குமம். முன்னால் தட்டில் அவல், கடலை, சர்க்கரை, வாழைப்பழம். கற்பூரமும் ஊதுபத்தியும் புகைந்துகொண்டிருந்தன. இவர் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கைகட்டி நின்றார்.

“இதென்ன கோலம்?” என்றேன்.

“கத்தாதையும். இண்டைக்கு ஆயுத பூசையெல்லே.”

“துடக்கு வீட்டில ஆயுத பூசையோ? உங்களுக்கென்ன விசரே?”

“வீட்டுக்குள்ள இல்லைத்தானே. ஷெட்டிலதானே வைச்சனான்.”

“ஐயோ கடவுளே! மணம் கூடாது, மணம் கூடாதெண்டு என்னைத் தாளிக்கவும் விடேல்ல. இப்ப கோயில் மாதிரி மணக்க வைச்சிருக்கிறியள். எலி என்ன, கும்பிட்டுப்போட்டுப் போகவோ வரும்? நாளையிண்டைக்கு அந்த மனிசி வரப்போறா! பிள்ளையை விடமாட்டன் எண்டு சொன்னால் என்ன செய்வியள்? இந்தச் சந்தனத்தைக் காட்டுவியளோ?”

நான் போட்ட சத்தத்தில் ரயில்பாதைப் புறாக்கள் எழும்பியிருக்கும். அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். பொறிகளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். வெறுங்கை. விரல் நுனியெல்லாம் சந்தனம். ஒரு பெயின்ற் தகரத்தின்மேல் தொப்பென்று குந்தினார்.

“ஊரில ஒரு வருசமும் விட்டதில்லை. ஸ்பானர், சுத்தியல், எல்லாத்துக்கும் பொட்டு வைக்காமல் அடுத்த நாள் வேலைக்குத் தொட்டதில்லை” என்றார். “இந்த முறைதான் கட்டாயம் செய்யவேணும் எண்டு கிடந்தது. இதெல்லாம் அவளுக்காண்டித்தானே.”

நான் ஷெட் கதவை இன்னும் அகலத் திறந்துவிட்டேன்.

“நீர் பால் குடுக்கிறீர். மடியில வைச்சிருக்கிறீர். நான் என்ன செய்ய? எனக்கு இந்தக் கைதான் கிடக்கு. நாள் முழுக்கச் செத்த எலி தூக்கிற கை. இந்தக் கையால தொட்டு அவளுக்கு ஒண்டு வந்திட்டால்? எனக்குப் பயமாக் கிடக்கு.” அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். “அண்டைக்குப் பாத்தனான். அவ்வளவு சின்னன். அவ்வளவு சின்னனாய் ஒரு பிள்ளை இருக்குமெண்டு எனக்குத் தெரியாது.”

என் கோபம் போய்விடவில்லை. பொய் சொல்லக் கூடாது. ஆனால் அத்தனை நாளும் அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும் என்று நினைத்திருந்தேன். அது பிழை என்று தெரிந்ததும் நானும் அந்த ஈரத் தரையில் குந்திவிட்டேன்.

அவர் முதலாளிக்கு போன் எடுத்தார். மறுமுனையில் ஒரு கெட்ட வார்த்தை எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு, வாடை போகக் கழுவித் திரும்பச் சாயத்தில் அவித்து மெழுகு போடு, ஒரு நாள் போதும் என்று சொன்னாராம். ஒரு நாள்தான் எங்களிடம் இருந்தது.

கிடாரம் திரும்ப அடுப்பில் ஏறியது. இவர் கையுறை போட்டு முதல் பொறியைக் குழாயடியில் பிடித்தார். தண்ணீரைத் திறக்கவில்லை. பிடித்தபடியே நின்றார்.

“என்ன?” என்றேன்.

“வைச்ச பொட்டை அழிக்கிறது… அதுவும் இண்டைக்கு…”

எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்துகொண்டு நிற்க நேரம் இல்லை. “தாங்கோ இஞ்ச. நான் துடக்குக்காரி. எனக்கு இதில ஒரு குற்றமும் வராது” என்று அந்தக் கையுறையைப் பறித்துப் போட்டுக்கொண்டு, சோடாவும் கம்பி பிரஷுமாக இறங்கினேன். பொட்டுப் பொட்டாய்ச் சந்தனமும் குங்குமமும் கரைந்து சிங்குக்குள் ஓடின. அவர் என் பக்கத்தில் நிற்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழித்த தேயிலையை எப்போதோ கொட்டியாகிவிட்டது. அலுமாரியில் இருந்த நல்ல தேயிலைப் பைக்கற் எல்லாவற்றையும் உடைத்துக் கிடாரத்தில் கொட்டினோம். வீடு முழுக்கக் கல்யாண வீட்டுத் தேத்தண்ணீர் வாசம். என் முதுகு பிளந்தது, பால் கட்டி நெஞ்சு கல்லாய்ப் போனது. ஆனாலும் நான் ஓய்ந்து இருக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மெழுகு காய்ந்தது. பலகைப் பெட்டிகளுக்குள் பொறிகளை வைத்து அடுப்புக்குப் பின்னால், படிக்கட்டுக்குக் கீழே, பின்கதவு ஓரமாகச் சுவரோடு சேர்த்து வைத்தார். கண்ணில்பட்ட ஓட்டையெல்லாம் இரும்புத் தும்பு திணித்துச் சிமெந்து பூசினார். நான் குசினியைக் கழுவித் துடைத்து, நிலத்தில் ஒரு துளி அழுக்கு விழுந்தாலும் தெரிகிறமாதிரி ஆக்கினேன்.

வியாழன் காலை எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தோம். எல்லாப் பொறியும் வெறுமையாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. புதுப் புழுக்கையும் இல்லை. எலிகள் போய்விட்டனவா, ஒளிந்திருக்கின்றனவா? சந்தன வாடை இன்னும் இருக்கிறதா என்று அவர் குனிந்து குனிந்து மோந்து பார்த்தார். அந்தப் பெண்மணி சொன்னபடி வந்தா. பிடிபட்டதா என்று கேட்டா. இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அடுப்பை இழுக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தா. சிமெந்தைப் பார்த்தா. பொறிப் பெட்டி ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்த்தா. நான் அவவின் முகத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. கடைசியில், மேல்மாடி அறையில் கதவைச் சாத்தி வையுங்கள், நான் திங்கட்கிழமை திரும்ப வந்து பார்ப்பேன் என்று சொல்லி, கையெழுத்து வைத்தா.

மகள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து பையைத் தூக்கினார், பிள்ளையைத் தூக்கவில்லை. மினிகாப் டாக்சியில் முன்சீற்றில் ஏறி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோசம் என்று சொல்ல ஆசை. சந்தோசம் இல்லை. எலி பிடிபடாத வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவருகிறேன் என்ற ஒரே நினைப்புத்தான். மேலறையில் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எந்தச் சின்னச் சத்தத்துக்கும் காலைத் தூக்கினேன்.

பின்னேரம் பால் குடித்துவிட்டு அவள் நித்திரையானாள். நான் குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. தொட்டிலில் போட மனம் வரவில்லை.

“இஞ்சாருங்கோ, இவளைக் கொஞ்சம் பிடியுங்கோ.”

“கை…”

“காலமையிலேருந்து எத்தனை தரம் கழுவிப்போட்டியள். தோல் உரியப்போகுது. பிடியுங்கோ எண்டால்.”

அவர் மறுப்பதைக் கேட்காமலே கையில் வைத்துவிட்டேன். அவர் கட்டிலில் மரக்கட்டைமாதிரி விறைத்துப்போய் இருந்தார், மூச்சுக்கூட விடவில்லை. நான் திரும்பி வந்தபோது அவர் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் அவருடைய ஒரு விரலைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

அப்போதுதான் கீழே குசினியில் டப்பென்று ஒரு சத்தம்.

“பொறி விழுந்திட்டுது” என்றார், உதடு மட்டும் அசைய.

“கெதியாய்ப் போங்கோ. குறையாய்ப் பிடிபட்டிருந்தால் இழுத்துக்கொண்டு ஓடப்போகுது. பிள்ளையைத் தாங்கோ.”

தரவில்லை. நான் கை நீட்டினேன். அவர் பிள்ளையை இன்னும் கிட்ட நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

“ஏலாது” என்றார். “அவள் நித்திரை. நீர் போய்ப் பாரும்.”

எலி பிடித்துச் சம்பளம் வாங்குகிற மனிசன் கட்டிலில் இருக்க, எலியைக் கண்டால் கதிரையில் ஏறுகிற நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனேன். அடுப்புக்குப் பின்னால் இருந்த பெட்டியின் மூடியை விளக்குமாற்றுத் தடியால் தூக்கினேன். பெரிய எலி. பொறி கழுத்தில் சரியாக அடித்திருந்தது. கொஞ்ச நேரம் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அசையவே இல்லை.

மேலேயிருந்து, பிள்ளை எழும்பாதபடி அடக்கிய குரலில், “என்ன, செத்திட்டுதே?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன். அதற்குப் பிறகுதான், அத்தனை நாளுக்கும் சேர்த்து, அந்தக் குசினித் தரையில் குந்தியிருந்து நான் அழுதேன்.